கோழியிடம் சொல்லி அனுப்பிய சிறுநீரகம்

சுருவில் கிராமத்துச் சிவக்கொழுந்து தன் தம்பி பரராசசிங்கத்தோடு பேசுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிடுவார். இருவரின் வீட்டு வளவுக்கும் நடுவேலியில் ஒரு கதியால் தடி இடம்மாறி நடப்பட்ட வருடத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. தம்பியின் காதில் விழவேண்டியதை அக்கா தன் கோழிக்குச் சொல்வார். தம்பி தன் மாட்டுக்குப் பதில் சொல்வார். கல்யாணம், செத்தவீடு எல்லாம் இந்த வழியில் ஒழுங்காகவே போய்வந்தன. பேசிக்கொள்ளும் சகோதரங்களுக்கிடையில்கூட இவ்வளவு பேச்சு இல்லை.

தம்பியின் சிறுநீரகங்கள் பழுதாகி, யாழ்ப்பாணம் போய்ப்போய் இரத்தம் சுத்திகரித்து ஆள் வற்றிப்போனபோது, சிவக்கொழுந்து ஒருவருக்கும் சொல்லாமல் தன்னைப் பரிசோதித்துக்கொண்டு வந்து கோழியைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பார், என்ர கிட்னி பொருந்துதாம். ஒண்டு குடுக்கலாமாம். வேண்டாமெண்டால் கிடந்து சாகட்டும்."

மாட்டுக்குப் பதில் போனது: "ஆரின்ரையும் வயித்தைக் கிழிச்சு நான் சீவிக்க ஏலாது."

காரணம் இருந்தது. அதே ஊர் பஸ்ரியாம்பிள்ளை முன்பு மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர். விலாவிலிருந்து முதுகுவரை ஓடும் அவருடைய தழும்பை ஊரே பார்த்திருக்கிறது.

ஆகவே, சிறுநீரகம் மாற்றும் கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் இருவரையும் ஒரே மேசைக்கு முன்னால் இருத்தினார். அங்கே கோழியுமில்லை, மாடுமில்லை. டொக்டர் இரண்டுமானார்.

"இப்ப அப்பிடி வெட்டுறேல்லை. சாவித்துவாரச் சத்திரசிகிச்சை. வயித்தை வாயுவாலை ஊதி, சின்னச் சின்ன ஓட்டை போடுவம். ஒண்டுக்குள்ளாலை கமரா, மற்றதுகளுக்குள்ளாலை ஆயுதங்கள்."

"அவவின்ர வயித்தை இனியும் ஊதவேணுமோ, டொக்டர்?"

"அந்தாளை வாயைப் பொத்தச் சொல்லுங்கோ, டொக்டர்."

"ஓட்டை சின்னனெண்டால் கிட்னி என்னண்டு வெளியிலை வரும்?" தம்பி விடவில்லை.

"அடிவயித்திலை நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. பைக்குள்ளை போட்டு அதாலை எடுப்பம்."

"நாலு விரலோ! எங்கடை வேலியிலை நாலு விரலிலை தொடங்கினது முழத்திலைதான் முடிஞ்சது. அவவுக்குத் தெரியும்."

"ஆர் தொடங்கினதெண்டும் தெரியும், டொக்டர்!"

டொக்டர் பேனையை வைத்தார். "ஐயா, நீங்கள் ஓமெண்டால்தான் நான் செய்யலாம்."

பரராசசிங்கம் ஊசி குத்தி வீங்கிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டொக்டரைச் சுற்றிப் போகாமல் நேரே திரும்பினார்.

"அக்கா, நோகுமெல்லோ?"

சிவக்கொழுந்து சுவரில் தொங்கிய படத்தையே பார்த்தார்.

"நோகுமாம், தாங்குவாவாம் எண்டு சொல்லுங்கோ, டொக்டர்."

"அப்ப... ஓம்," என்றார் தம்பி.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே சிவக்கொழுந்து எழும்பி நடந்தார். வெட்டியது வயிற்றில், கூடுதலாக நொந்ததோ தோள்மூட்டு. உள்ளே ஊதிய வாயுவின் வேலை அது, போய்விடும் என்றார்கள். அவருடைய கவலை வேறு. வயிற்றில் நாலைந்து பிளாஸ்டர்தான். ஒரு உறுப்பையே கொடுத்துவிட்டு ஊருக்குக் காட்ட இவ்வளவுதானா?

வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தம்பியின் அறைவாசல்வரை போனார். கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் நின்ற தாதியிடம் கேட்டார்: "மூத்திரம் போகுதோ எண்டு கேளுங்கோ, பிள்ளை."

"போகுதக்கா," என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நிக்காமல் போகுது."

சிவக்கொழுந்து மறுபடியும் தாதியின் பக்கமே திரும்பினார்.

"நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ, பிள்ளை," என்றார். "என்ர சாமான். காயவிடப்படாது."