ராயப்பராஜ் வாத்தியாரின் வயிற்றுப் பாடம்

திண்டுக்கல்லில் ராயப்பராஜ் வாத்தியாரிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் மனித வயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார்கள். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல முடியும். அவர் என் அக்கா அல்போன்சாவின் கணவர்.

அந்தப் பாடம் நடத்துகிற நாளில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். முதலில் ஒரு பையனை எழுப்பி வாயில் ஒரு பிடி சோற்றைத் திணிப்பார். "மெல்லு. முழுங்காதலே. மெல்லு. இப்ப எப்படி இருக்கு?"

"இனிக்குது சார்."

"சீனி போட்டமா?"

"இல்ல சார்."

"அப்ப எதுனால இனிக்குது? எச்சில், மாவைச் சர்க்கரையா மாத்துது. சோறு தொண்டைக்குக் கீழ போறதுக்கு முன்னாடியே செரிக்க ஆரம்பிச்சிருச்சு, மடப்பயலே!"

பிறகு கலர் சாக்பீஸ். உணவுக்குழல் வெள்ளை, தலைகீழாக நின்று தின்றாலும் அது பிழிந்து பிழிந்து உணவை இரைப்பைக்குத் தள்ளிவிடும் என்பார். இரைப்பை சிவப்பு, அங்கே ஊறுகிற அமிலத்தில் கறித்துண்டு கூட மூன்று நாலு மணி நேரத்தில் கூழாகிவிடும். கல்லீரல் காவி, அதன் அடியில் பித்தப்பை பச்சை, கணையம் மஞ்சள். பித்தநீர் கொழுப்பை உடைக்கும். கணையநீர் மிச்சத்தைக் கரைக்கும். இருபது அடிச் சிறுகுடல் சத்தை உறிஞ்சி ரத்தத்துக்குக் கொடுக்கும். பெருங்குடல் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்றிரண்டு நாளில் வெளியே. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில், வலது பக்க அடிவயிற்றில், புழு மாதிரி ஒரு வாலைத் தொங்கவிடுவார். "இது குடல்வால். இதுக்கு ஒரு வேலையும் கிடையாது. பரீட்சைக்கும் வராது" என்று கையைத் தட்டிக்கொள்வார். வகுப்பு சிரிக்கும். ஒருமுறை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தைப் பார்த்து "பேஷ்" என்றாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் காலம் தள்ளினார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் அந்த "பேஷ்" கிடைத்தது.

வீட்டில் அவர் சோற்றை மென்று நான் பார்த்ததில்லை. உருட்டி உருட்டி உள்ளே எறிவார். பிறகு ஏப்பம் வரும். "வெஞ்சனத்துல என்னத்தடி போட்ட? நெஞ்சைக் கரிக்குது." அக்கா ஓடிப்போய் ஓமத்தண்ணி வைப்பாள். எச்சிலும் அமிலமும் பித்தமும் பள்ளிக்கூடத்துச் சுவரில்தான் இருந்தன. வீட்டில் செரிக்கவில்லை என்றால் அது பொண்டாட்டியின் குற்றம்.

எங்களுக்கு அம்மா இல்லை. அப்பா வடமதுரையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். என்னை வளர்த்தது அக்காதான். மதுரையில் காலேஜ் படித்தபோது லீவுக்கெல்லாம் அவள் வீட்டுக்குத்தான் போவேன். 1958இல் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்திலும் அங்கேதான் இருந்தேன்.

அது தபசு காலம். விபூதிப் புதனுக்கு முந்தின நாள் கறி தின்றால் பிறகு ஈஸ்டர் வரைக்கும் அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டை கூட உள்ளே வராது. மாமியார் வியாகுலம்மாள் அதில் கண்டிப்பு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்காவுக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. விடிந்ததும் வலி வலது பக்கம் இறங்கியது. வாந்தி, காய்ச்சல். காலை நீட்டினால் வலிக்கிறது என்று முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

"மச்சான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். வலி வலது பக்கம் இருக்கு" என்றேன். வலது பக்கம் என்ன இருக்கிறது என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"செத்த நேரம் பொறு பாப்பா. ஆஸ்பத்திரின்னா சும்மாவா? படுக்க வச்சிருவான். நாளைக்குப் பெரிய வியாழன்" என்றார்.

பெரிய வியாழனுக்கு என்ன என்று வேறு மதத்துக்காரர்களுக்குப் புரியாது. அன்று கோயிலில் சுவாமியார் பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். யேசு சீடர்களுக்குச் செய்ததன் நினைவு. அந்த வருஷம் பன்னிரண்டு பேரில் ராயப்பராஜும் ஒருவர். அதற்காக ஒரு வாரமாகக் குதிகால் வெடிப்பில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

வியாகுலம்மாள் மருமகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். அக்கா அலறினாள்.

"தொக்கம்தான். என்னத்தையோ தின்னு கொடல்ல ஒட்டிக்கிருச்சு. சாணார்பட்டி மாயம்மாளைக் கூட்டியாந்து எடுத்தாச் சரியாப் போகும்" என்றாள்.

தின்றது செரிக்காமல் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கில் கிடக்கும். அதை வாயால் உறிஞ்சி எடுக்கலாம். இதுதான் தொக்கம். எங்கள் பக்கம் இதை நம்பாத வீடு குறைவு. ஆனால் அந்த வீடுகளில் கலர் சாக்பீஸ் இல்லை. வாத்தியார் தன் அம்மாவை ஒரு வார்த்தை மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு குதிரைவண்டி பிடிக்கப் போனார்.

மாயம்மாள் வந்தாள். அக்காவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, வயிற்றில் தண்ணீரைத் தெளித்துத் தடவினாள். ஒரு சின்னப் பித்தளைக் குழலைத் தொண்டைக் குழியில் வைத்து உறிஞ்சினாள். திரும்பி வாழை இலையில் துப்பினாள். எச்சிலோடு கறுப்பாக ஒரு துண்டு விழுந்தது.

"கறித்துண்டு தாயி. எந்தக் காலத்துல தின்னதோ!"

"தபசுக்கு முந்துன நாள் தின்ன கறி! மாதாவே, இம்புட்டு நாளா எம் மருமக வயித்துல கெடந்துருக்கே!" வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இலையைத் தூக்கிப் பார்த்தேன். உப்புக்கண்டம். வெயிலில் காயவைக்கக் கோணி ஊசியால் கோத்த ஓட்டை அதில் அப்படியே இருந்தது. அவரிடம் நீட்டினேன்.

"மச்சான், ஓட்டையப் பாருங்க. கயித்துல கோத்துக் காயவச்ச கறி. இந்தம்மா வாயில அடக்கிட்டு வந்திருக்கு."

மாயம்மாள் கோபப்படவில்லை. வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள். வாத்தியார் கறித்துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டையைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

"அது பல்லுப் பட்ட ஓட்டை" என்றார்.

"மூணு நாலு மணி நேரத்துல கூழாயிரும்னு நீங்கதானே சொல்லிக் குடுக்குறீங்க? நாப்பது நாளு எப்படிக் கெடக்கும்?"

"பாடம் வேற, ஒடம்பு வேற பாப்பா. அது பரீட்சைக்கு எழுதுறது."

"ஏ புள்ள," என்றாள் வியாகுலம்மாள், "ஒன் காலேஜை மதுரையோட வச்சுக்க. பெரியவங்க பேசுற எடத்துல வாயத் தொறக்காத."

மாயம்மாள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவள் பிழைப்பு அது. எழுத்து வாசனை கிடையாது. இரைப்பையின் படத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. முன்னூறு முறை வரைந்தவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

குடலில் இன்னும் அழுக்கு இருக்கிறது, கழுவிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு மாயம்மாள் போனாள். வாத்தியார் தன் கையாலேயே விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தார். அக்கா வேண்டாம் என்றாள். குமட்டுகிறது என்றாள். "குடிடி. நாளைக்கு எனக்குக் கோயில் வேலை இருக்கு. ஒன்னையப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது" என்று தாடையைப் பிடித்து ஊற்றினார். தட்டிவிடப் போன என் கையை வியாகுலம்மாள் பிடித்துக்கொண்டாள்.

வீங்கிப் புண்ணான குடலைப் பேதி மருந்து முறுக்கிப் பிழியும். குடல்வால் சீழ் பிடித்திருந்தால் வெடிக்கும். வெடித்தவுடன் அழுத்தம் குறைந்து கொஞ்ச நேரம் வலி விட்டது போலத் தெரியும். இதெல்லாம் எனக்குப் பிறகு டாக்டர் சொன்னது. வியாழக்கிழமை காலையில் அக்கா காலை நீட்டிப் படுத்து, "இப்ப வலி இல்ல" என்றாள். வாத்தியார் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தெருவில் போனவர்களை நிறுத்திச் சொன்னார்.

"பாத்தியா பாப்பா? விட்டுப் போச்சு. எல்லாத்தையும் புஸ்தகத்துல தேடக் கூடாது."

சாயங்காலம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பீடத்துக்கு முன்னால் வலது காலை நீட்டினார். சுவாமியார் கழுவித் துடைத்து முத்தமிட்டார். அந்த நேரத்தில் அக்காவின் வயிறு பலகை மாதிரி இறுகிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. நானே வண்டி பிடித்து வந்தேன். வாசலில் வியாகுலம்மாள் குறுக்கே நின்றாள். "புருசன் இல்லாத நேரத்துல பொம்பளையத் தூக்கிட்டுப் போவியா? அவன் வரட்டும்." பூசை முடிந்து, நற்கருணை பவனி முடிந்து, நாலு பேரிடம் பேசி முடித்து அவர் வந்தார். வந்து, தொட்டுப் பார்த்து, முதல்முறையாகப் பயந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றில் கை வைத்ததும் நிமிர்ந்தார். "குடல்வால் வெடிச்சிருக்கு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கணும். பேதிக்குக் குடுத்தீங்களா?"

டாக்டர் அக்காவின் வாயருகே முகர்ந்தார்.

"விளக்கெண்ணெய் வாடை அடிக்குது. யார் குடுத்தது?"

ராயப்பராஜ் கைகளைக் கட்டிக்கொண்டார். வகுப்பில் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கிற மாதிரி.

"எனக்குத் தெரியாது சார். நான் சயின்ஸ் வாத்தியார், நான் குடுப்பனா? நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அவளாக் குடிச்சுட்டா."

"பொய்!" என்றேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அக்காவிடம் கேட்டார். "ஏம்மா, நீயாவா குடிச்ச?"

அக்கா தன் புருஷனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. ஓமத்தண்ணி கேட்டால் எழுந்து போவாளே, அப்படித்தான் அப்போதும்.

"ஆமா சார். நானாத்தான்."

வயிற்றைத் திறந்து கழுவினார்கள். சனிக்கிழமை மத்தியானம் இறந்தாள். இருபத்தாறு வயது.

கல்லறைத் தோட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லாமக் கொள்ளாம விளக்கெண்ணெயக் குடிச்சுட்டாளே" என்றார். முதலில் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் சொன்னார். பத்துப் பேரிடம் சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அடுத்த வருஷம் மறுகல்யாணத்துக்குப் பெண் கேட்டு எங்கள் அப்பாவிடமே வந்தார். என்னைத்தான் கேட்டார். அப்போதும் ஆரம்பத்தில் அதைத்தான் சொன்னார்: "மூத்தவ அவசரப்பட்டுட்டா மாமா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா தடுத்திருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதற்குள் அவர் அதை நம்பிவிட்டிருந்தார். அப்பா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.