ஜீப்புக்காரி தளர்த்திய நட்டு

மஞ்சக்குட்டையில் கௌரி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். ஜீப்புக்காரி கௌரி என்றால் ஒரே வீடுதான். இத்தனைக்கும் அவள் ஒரு நாளும் ஸ்டியரிங்கில் கை வைத்தவள் இல்லை. ஓட்டுவது அவள் புருஷன் சந்திரசேகர். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுவது, ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது, திரும்பும்போது அரிசி, சிமெண்டு, கோழித்தீவனம் என்று கிடைத்ததை ஏற்றி வருவது, எல்லாம் அவன். பேர் மட்டும் அவளுக்கு.

சும்மா வந்த பேரில்லை அது. வெள்ளக்கடையிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு வாய்த்த வேலை டார்ச் பிடிப்பது. மழையோ பனியோ, சந்திரசேகர் பானட்டைத் தூக்கினால் அவள் பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்ட வேண்டும். கொஞ்சம் கை ஆடினால் திட்டு. "என்னைய ஏன் புள்ள பாக்கற, எஞ்சினப் பாரு" என்பான். சரி என்று எஞ்சினையே பார்த்தாள். பார்த்துப் பார்த்தே டீசல் எந்த வழியாக வருகிறது, எங்கே காற்று புகுந்தால் வண்டி மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி ஆகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் ஸ்பேனரைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு என்ன நம்பர் என்று சொல்வாள். வேலை முடிந்ததும் அவன் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி எழுந்துபோவான். துடைத்து, சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகப் பையில் அடுக்குவது அவள்தான்.

போன ஐப்பசியில் சேலத்துக்குப் போய்ச் சந்திரசேகரின் கண்ணைக் காட்டினார்கள். நேரே இருப்பது அவனுக்குப் பளிச்சென்று தெரியும். ஊசியில் நூல் கோப்பான். பக்கவாட்டில் இருப்பதுதான் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கம் வைத்த சொம்பைத் தட்டிவிடுவான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையைத் தின்றுவிட்டது, போனது இனி வராது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் டாக்டர். வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். சொல்லும்போது அவளையும் பார்த்துத்தான் சொன்னார்.

"காப்பிப் பழம் பறிப்பு முடியட்டும் புள்ள, வித்துப்போடலாம்" என்றான் சந்திரசேகர். பறிப்பு முடிந்தது. மிளகு முடியட்டும் என்றான். மிளகு முடிந்து கோடை விழாக் கூட்டம் வந்தது, அதுவும் முடியட்டும் என்றான். பள்ளிக்கூடம் திறந்து மழையும் பிடித்துக்கொண்டது. அவனிடம் முடியட்டும் என்ற வார்த்தை மட்டும் முடியவே இல்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. எஸ்டேட் வேலைக்குப் போகிறவள்தானே, தினமும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இடது பக்கம் எது வந்தாலும் வாய்க்குள்ளேயே சொல்வாள். "ஆளு." "மாடு." "வண்டி." அவன் தலையைத் திருப்பாமலே ஒதுங்கிப் போவான். பின்னால் இருக்கிற பெண்களுக்கு ஒரே சிரிப்பு. இந்த வயதில் இதுகளுக்கு அப்படி என்ன குசுகுசுப்பு என்பார்கள். கௌரியும் கூடவே சிரித்து வைப்பாள். ஆனால் எஸ்டேட் கேட்டில் அவள் இறங்கியாக வேண்டும். அதற்கப்புறம் பிள்ளைகளோடு ஏற்காடு வரைக்கும் அவன் அவள் குரல் இல்லாமல்தான் போகிறான். அந்த நேரமெல்லாம் களை வெட்டுகிற அவள் கை தன்பாட்டுக்கு வெட்டும், காது ரோட்டிலேயே கிடக்கும்.

நேற்று சாயங்காலம் வண்டியின் இடது மட்கார்டில் நீளமாக ஒரு கீறல், அதில் நீலப் பெயிண்ட். எதில் இடித்தீர்கள் என்று கேட்டாள். கரடியூர்ப் பிரிவில் ஒரு மரம் என்றான்.

"எந்த மரத்துக்குங்க நீலப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க?"

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். பெண்டாட்டியிடம் கோபித்துக்கொள்ளலாம், கீறலிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? அவளும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் அவன் குளிக்கப் போனான். கௌரி பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். பானட்டைத் தூக்கி, டீசல் பில்டர் தலையில் இருக்கிற நட்டைத் தளர்த்தினாள். பைப்பில் நிற்கிற டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும், அந்த இடத்தில் காற்று ஏறிக்கொள்ளும். பேட்டரி வயரைக் கழற்றுவது சுலபம். ஆனால் மலையில் பேட்டரியை யார் சட்டை செய்கிறார்கள்? எல்லா ஜீப்பும் மூக்கு கீழே பார்த்தபடி சரிவில்தான் நிற்கும். செல்ப் எடுக்காவிட்டால் தள்ளிவிடுவார்கள், உருளுகிற வேகத்தில் எஞ்சின் பற்றிக்கொள்ளும். அதனால்தான் டீசலில் கை வைத்தாள். ஒரு நாள் வண்டி நின்றால் போதும், ஆள்கள் வேறு ஜீப் பார்த்துக்கொள்வார்கள், அதற்குள் அவனைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே மறுபடி கேட்க வைக்கலாம் என்பது அவள் கணக்கு.

ஏழு மணிக்கு ஆள்கள் கூடிவிட்டார்கள். எஸ்டேட் பெண்கள், ஏற்காட்டு ஹோட்டலில் சமையல் பார்க்கிற மாதேஷ், யூனிபார்ம் போட்ட அவன் மகள் சுஜாதா. பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியாத பனி. சந்திரசேகர் சாவியைத் திருப்பினான். செல்ப் கரகரவென்று சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. இன்னொரு தரம் திருப்பினான். அப்போதும் இல்லை.

"செல்ப் சோக்காத்தான் சுத்துது, பேட்டரி இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டான். "மாதேசு, பின்னால பொகை வருதா பாரு."

"சுத்தமா இல்லீங்கண்ணா."

"பொகையே இல்லீன்னா டீசல் ஏறல." இறங்கி வந்து டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தான். பாதிக்கு மேல் நனைந்திருந்தது. "டேங்குல இருக்குது, எஞ்சினுக்கு வரல. நடுவுலதான் எங்கியோ" என்றபடி பானட் பக்கம் நகர்ந்தான். இத்தனை வருஷம் லைட் பிடித்தவள், அடுத்து அவன் கை எங்கே போகும் என்பது கௌரிக்குத் தெரியாதா?

அதற்குள் பெண்கள் கூச்சல் போட்டார்கள். நேரம் தப்பினால் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் கேட்டைச் சாத்திவிடுவார். "அதையெல்லாம் அப்பறம் நோண்டிக்கலாமுங்கண்ணா, தள்ளுனாப் பத்திக்கும், ஏறுங்க" என்று மாதேஷ் வண்டியின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான்.

"மொதல்ல ஏர் இருக்குதான்னு பாருங்களே" என்றாள் கௌரி. அவளுக்கே கேட்காத குரல். சந்திரசேகர் ஏறி உட்கார்ந்துவிட்டான். தள்ளினாலும் பற்றாது என்பது வரைக்கும் யோசித்திருந்தாள். தள்ளுகிறபோது என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை. எஞ்சின் ஓடாத ஜீப்பில் பிரேக் கல்லை மிதித்த மாதிரி இருக்கும். அதைவிட, எஞ்சின் ஓடாத ஜீப்புக்குச் சத்தம் கிடையாது.

வண்டி நகர்ந்தது. கிளட்சை விட்டான், உடம்பைக் குலுக்கிக்கொண்டு நின்றுபோகப் பார்த்தது. இன்னும் வேகம் கிடைக்கட்டும் என்று மறுபடி கிளட்சை மிதித்தான். ஜீப் சரிவில் தன்னிஷ்டத்துக்கு உருண்டது, டயருக்கடியில் ஈர மண் நசுங்குகிற சத்தம் மட்டும். இடது பக்கத்து ஒற்றையடிப் பாதையிலிருந்து பாவாயி தலையில் கீரைக் கூடையோடு ரோட்டில் ஏறினாள். ஏற்காட்டில் கீரை விற்கிற கிழவி, தினமும் அந்த வளைவில்தான் வண்டிக்கு நிற்பாள். எஞ்சின் சத்தம் கேட்டு ஒதுங்கிப் பழகியவள். இன்றைக்கு ஒதுங்குவதற்குச் சத்தமே இல்லை.

சந்திரசேகர் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆளு!" கௌரி அலறிக்கொண்டு ஓடினாள். "ஏனுங்க, ஆளு! எடப்பக்கம் ஆளு!"

அவன் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான். ஜீப் மண்மேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பாவாயி ரோட்டோரம் கிடந்தாள், கீரைக் கட்டுகள் வளைவு வரைக்கும் சிதறின. எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். வண்டியின் ஓரம் கூடையில் இடித்திருந்தது, அவள் மேல் படவில்லை. விழுந்ததில் முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. கௌரி சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள்.

"எனக்கொண்ணுமில்ல கண்ணு, நீ ஏன் அழுவற?" என்றாள் பாவாயி.

சந்திரசேகர் சீட்டை விட்டு இறங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் எப்படிப் பிடிக்கும், யார் ஓட்டியிருந்தாலும் இதுதான் என்று மாதேஷே சமாதானம் சொன்னான். சந்திரசேகர் பானட்டைத் தூக்கினான். அவன் விரல் பைப்பைத் தடவிக்கொண்டே போய் பில்டர் தலையில் நின்றது. நட்டு விரலுக்கே சுற்றியது. ஸ்பேனரை எடுக்கப் பையைத் திறந்தான். முந்தாநாள் வழியில் தனியாக ரிப்பேர் பார்த்துவிட்டு அவன் எண்ணெய்க் கையோடு தூக்கிப் போட்ட ஸ்பேனர்கள் அழுக்காகக் குவிந்து கிடந்தன. அந்த நட்டுக்குப் பொருந்துகிற ஒரு நம்பர் மட்டும் பளபளவென்று துடைத்து ஓரமாக வைத்திருந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று ராத்திரியெல்லாம் யோசித்துச் செய்கிற காரியத்தில்கூட கௌரியின் கை தன் வழக்கத்தை விடவில்லை.

அவன் தலையைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தான். நேரே பார்த்தால்தான் அவனுக்கு எல்லாம் தெரியுமே. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"என்னங்கண்ணா கோளாறு?" மாதேஷ் எட்டிப் பார்த்தான்.

"ஏர் புடிச்சிருச்சு. நட்ட நாந்தான் நேத்து சரியா முறுக்காம உட்டுட்டேன்" என்றான் சந்திரசேகர். பிறகு அவளிடம் மெதுவாக, "வந்து பம்ப அடி புள்ள" என்றான்.

அவள் கைப்பம்பை அமுக்கினாள். நட்டு வழியாக முதலில் நுரை வந்தது, பிறகு முட்டை முட்டையாகக் குமிழி, பிறகு சுத்தமான டீசல். அவன் இறுக்கினான். எத்தனையோ தரம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை, பேச்சே தேவைப்படாது. இன்றைக்கும் அவன் கேட்காமல் கேட்டது அவளுக்குப் புரிந்தது. உன் காரியத்தை நான் மூடினேன், என் கண் விஷயத்தை நீ மூடு. வெளியே தெரிந்தால் பாவாயியைத் தள்ளிவிட்டவள் என்ற பேர் அவளுக்குத்தான். ஊரில் தலைகாட்ட முடியாது. வாயை மூடிக்கொண்டால் எல்லாம் நேற்று மாதிரியே போகும். நேற்று மாதிரி என்று நினைத்ததும் அந்த நீலக் கீறல் ஞாபகம் வந்தது.

ஒரே செல்ப்பில் எஞ்சின் பிடித்தது. பெண்கள் கைதட்டினார்கள். மேட்டிலிருந்து பின்னால் எடுத்ததும் எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். சுஜாதா டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பாவாயிக்கு முன் சீட்டைக் கொடுத்தார்கள். "சந்திரசேகரு ஓட்டுனா எனக்கென்ன சாமி பயம்" என்று கிழவி காலை மெல்ல உள்ளே வைத்தாள்.

கௌரி ஏறவில்லை. ரோட்டில் நின்றபடியே சொன்னாள்.

"நட்டக் கழட்டி உட்டது நானுங்க."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே இன்னும் உரக்கச் சொன்னாள். "வண்டி எடுக்கக் கூடாதுன்னு நாந்தான் கழட்டுனேன். பாவாயக்கா உழுந்தது என்னாலதான். அவருக்கு ஓரமா வர்றது ஒண்ணும் தெரியாது. டாக்டரு ஓட்டவே கூடாதுன்னு சொல்லி நொம்ப நாளாச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்க கூடத் தினமும் உக்காந்து வந்தேன்."

மாதேஷ்தான் முதலில் அசைந்தான். திட்டுவான் என்று நினைத்தாள், அவன் திட்டக்கூட இல்லை. பின்பக்கமாகப் போய் மகளைத் தூக்கிக் கீழே இறக்கினான். அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்து மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாவாயி கடைசியாக இறங்கினாள். கௌரியைக் கடந்து போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் பஸ் நிற்கிற பக்கமாகப் பனிக்குள் நடந்து போயிற்று.

சந்திரசேகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆள்கள் இறங்கிப் போனது எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கௌரி" என்று கூப்பிட்டான். "அல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க."

"சுஜாதாப் புள்ள?"

"அவளுந்தான்."

அவன் கையை நீட்டி எஞ்சினை நிறுத்துகிற குமிழை இழுத்தான். அவள் சுற்றி வந்து முன் சீட்டில் ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.