பேசாதேங்கோ

கல்யாணமான நாளிலிருந்தே சேதுபதிக்கு மச்சான் அகிலன் மேல் ஒரு கடுப்பு. பெயருக்கு நடுவில் ஒரு துணைக்காலைச் சொருகி, "சேதுபாதி" என்று கூப்பிடுகிற ஆள் அவர். எடுத்த வேலையெல்லாம் பாதியில் நிற்கும் என்பதற்காக வைத்த பெயர். தீபாவளிக்கு மார்சிலிங்கிலிருந்து குடும்பத்தோடு வந்து உட்காருவார். ஹாலில் ஒரு சுவர் புது மஞ்சளும் மற்றதெல்லாம் பழைய அழுக்குமாக இருக்கும். "இந்த வருஷமும் அவ்வளவுதானா, சேதுபாதி?" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். சேதுபதி முறுக்கைக் கடித்துக்கொண்டு இருப்பார்.

தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டிப் போய்ச் சரக்கு இறக்கும்போது இந்தக் கோளாறே கிடையாது. சுற்றி நாலு பேர் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்கள், இவர் கையும் தானாக ஓடும். வீட்டில்தான் நின்றுபோகும். மகள் ரக்ஷனா பிடித்து இழுத்துப் போய் டாக்டரிடம் காட்டினாள். ஏடிஎச்டி, கவனம் ஒன்றில் நிலைக்காத கோளாறு என்றார்கள். டிவி கம்பெனி பெயர் மாதிரி இருக்கிறதே என்றார் சேதுபதி. வாராவாரம் வீடியோ காலில் பயிற்சி கொடுக்க, தமிழ் தெரிந்த ஒரு பெண்ணையும் மகளே தேடிப் பிடித்தாள்.

அவர்தான் சிவதர்ஷினி. செங்காங்கில் தன் அறையை விட்டு வெளியே வராமலே வேலை பார்ப்பவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தமிழை வீட்டுக்குள் மட்டுமே கேட்டு வளர்ந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: தனக்கு ஆட்டிசம், கண்ணைப் பார்த்துக் கதைக்க வராது, அதை மரியாதைக் குறைவாக எடுக்கக் கூடாது. முன்பு இருந்த ஆபீஸில் விளக்கு வெளிச்சமும் ஆள் சத்தமும் தலையைக் குடைந்து, மத்தியானத்துக்குள் துவண்டுவிடுவாராம். இப்போது திரைச்சீலையை இழுத்துவிட்டு, பின்னால் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கி நிற்க, தன்னைப் போன்றவர்களுக்கும் சேதுபதியைப் போன்றவர்களுக்கும் வழி சொல்கிறார். சேதுபதி ஜோக் அடித்தால், "விளங்கேல்ல, திரும்பச் சொல்லுங்கோ" என்பார். திரும்பச் சொன்னால் எந்த ஜோக்கும் செத்துப்போகும். ஆனாலும் உள்ளதை உள்ளபடி போட்டு உடைக்கும் அந்தக் குணம் சேதுபதிக்குப் பிடித்துப்போயிற்று.

லாரியை ஓரங்கட்டி, போனை முன்னால் சாய்த்துவைத்து, தன் ஆசையைச் சொன்னார். தீபாவளிக்குள் ஹால் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மச்சான் வாயில் முழுப் பெயர் வர வேண்டும். சிவதர்ஷினி வீட்டு நிலவரம் கேட்டார்.

"வீட்டில மனுசி பேசுறவவோ?"

"பேசுவாளே. எழுந்ததுல இருந்து படுக்குற வரைக்கும் பேசுவா. அவ பேசலைன்னா எனக்குச் சோறு எறங்காது லா."

சிவதர்ஷினி எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் மனைவி சந்திரமதியையும் அழைப்புக்கு வரவழைத்து, கவலையோடு கேட்டுக்கொண்டார். "அம்மா, இனிமேல் இவரைப் பேசாதேங்கோ. பேசினால் இவருக்குக் கை இன்னும் ஓடாது."

சந்திரமதி வாயை மூடினவள் மூடினவள்தான். சோறு போட்டாள், சைகை காட்டினாள், டிவியைக்கூட அணைத்துவிட்டாள். சாயங்காலமானால் ஹாலில் நாற்காலியைப் போட்டு வெங்காயம் உரித்தாள். செய்ய வேறொன்றும் இல்லாமல் சேதுபதி ரோலரை எடுத்தார். அவள் உரித்தாள், இவர் அடித்தார். ஒரு சுவர் முடிந்தே போயிற்று. ஆனால் அதைக் கொண்டாடத்தான் வீட்டில் ஆள் இல்லை.

"பொண்டாட்டி என்கிட்ட பேசவே மாட்டேங்குறா. நீங்க சொன்னீங்கன்னு எழுதிக் காட்டுறா," என்று அடுத்த அழைப்பில் பொருமினார்.

"நல்லதுதானே. ஒராளை ஏன் பேச வேணும்? ஆறுதலாக் கதைச்சால் போதும்."

"பேசாம எப்படிம்மா கதைக்கிறது?"

சிவதர்ஷினி யோசித்தார். பிறகு மெல்ல விளக்கினார். யாழ்ப்பாணத்து ஆட்களான தங்கள் வீட்டில் பேசுவது என்றால் திட்டுவது. மற்றதெல்லாம் கதைப்பது. சேதுபதி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அப்போ, அவ திட்டலைன்னா எனக்குச் சோறு எறங்காதுன்னா சொல்லியிருக்கேன்?"

சிவதர்ஷினி சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த ஒரு ஜோக்கைத்தான் சேதுபதி திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிரித்து ஓய்ந்ததும், ஒரு சுவர் முடிந்த கதையைக் கேட்டு அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் யாராவது தன் பாட்டுக்கு வேலை பார்த்தால் சேதுபதிக்குக் கை ஓடுகிறது, தேக்காவில் ஓடுவதுபோல. சந்திரமதியோ வாய்ப்பூட்டைத் திறந்துவிட்ட சந்தோஷத்தில் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இனி அவளைச் சும்மா உட்காரவைக்க முடியாது. அதனால் சிவதர்ஷினியே போனில் வந்து இருந்தார். மைலோ டின்னில் சாய்ந்த போனுக்குள் அவர் டைப் அடிப்பார், வெளியே இவர் சுவர் அடிப்பார். எப்போதாவது, ரோலர் சத்தம் நல்லா இருக்கு என்பார். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு அகிலன் வந்தார். சுவர்களைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அலமாரி இடுக்கில் கையை விட்டுத் தடவினார். பிறகு வந்து உட்கார்ந்து, "சேதுபதி, அந்த முறுக்குத் தட்டை இப்படித் தள்ளு," என்றார். துணைக்கால் கழன்று விழுந்த சத்தம் சேதுபதிக்கு மட்டும் கேட்டது. தட்டைத் தள்ளவில்லை, எழுந்து போய்க் கையிலேயே கொடுத்தார்.

பயிற்சி முடிகிற நாளில் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்த சிவதர்ஷினி, முதல் தடவையாகத் திரும்பி, பின்னால் நின்ற அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். குடிவந்த நாளிலிருந்து அப்படியே கிடக்கின்றன என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் எடுங்கோ. நான் இதுகளைப் பிரிக்கப் போறன். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், சும்மா இருங்கோ. நான் பாதியில எழும்பிப் போனால் மட்டும், நல்லாப் பேசுங்கோ."