அம்மா குடித்த தண்ணீர்

பதினைந்து வயதில் எனக்கு வந்த வயிற்றுவலியை அம்மா கொத்தமல்லித் தண்ணீரால் அடக்கப் பார்த்தாள். வலி கொஞ்சம் அடங்கியது, காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் நான் நிமிர முடியாமல், நிமிடத்துக்கு ஒருமுறை கக்கூசுக்கு ஓடத் தொடங்கிய பிறகுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு என்னை மாத்தளை பஸ்ஸில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அடிவயிற்றைத் தொட்டதும் நான் போட்ட சத்தத்தில் அவர் முகமே மாறிவிட்டது. உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், தாமதித்தால் ஆபத்து, மூத்திரம் முட்டினால்தான் ஸ்கேனில் தெரியும், ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு உடனே போ என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் அறை வாசலில் வரிசையாகப் பிள்ளைத்தாய்ச்சிகள். முதல் ஆளாக, தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பராக்காரியின் மகள். கூடவே பக்கத்துக் காம்பராக்காரி! கல்யாணமாகாத பெண்ணை அங்கே கண்டால் அவள் என்ன கதை கட்டுவாள் என்று சொல்லவும் வேண்டுமா?

"யாருக்குக்கா ஸ்கேன்?"

"எனக்குத்தான். வயிறு ஒரு மாதிரியா இருக்கு. புள்ள சும்மா தொணைக்கு வந்திச்சு."

பொய்யை நம்ப வைக்க, அம்மா என் போத்தலைப் பிடுங்கி மடக் மடக்கென்று குடித்தாள். எனக்கு மிஞ்சியது இரண்டு வாய். துண்டையும் உள்ளே கொடுக்கவில்லை. கொடுத்தால் என் பேரையும் வயதையும் சத்தமாகக் கூப்பிடுவார்களாம். அந்தத் தாயும் மகளும் முதலில் போகட்டும் என்று கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஆத்திரப்படவும் தெம்பில்லாமல் நடுக்கமெடுத்து நான் பெஞ்சிலிருந்து சரிந்தேன். அம்மா அலறினாள்.

"எனக்கில்லங்க, எம் புள்ளைக்குத்தான்! உள்ளுக்கு சீழு கட்டிருச்சாம்! கதவத் தொறங்க!"

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று பக்கத்துக் காம்பராக்காரி தன் மகளை ஒதுக்கிவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு கதவை இடித்தாள். அவளைப் பார்த்தா பயந்தோம் என்று எனக்கு வெட்கமாயிருந்தது.

வெடித்த குடல்வாலின் சீழ் அடிவயிற்றில் தேங்கியிருந்தது. அன்றைக்கே குழாய் வைத்து எடுத்தார்கள். ஊசி மருந்து முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது கதை எங்களுக்கு முன்னே போயிருந்தது. அதில் நான் இல்லவே இல்லை. என்னை உள்ளே கொண்டுபோனதும் அம்மா கக்கூசைத் தேடி ஓடியதையும், போய்ச் சேராததையும், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பக்கத்துக் காம்பராக்காரி நடித்தே காட்டினாளாம்.

சண்டைக்குக் கிளம்பிய என்னை அம்மா பிடித்து உட்கார வைத்தாள்.

"விடு புள்ள. என்னப் பத்தித்தானே பேசுறாங்க" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.