நறுக்கிய கோப்பு

விண்வெளிக்கு ராக்கெட் விடுகிறவர்கள் எல்லாம் என் சித்தியிடம் ஒரு வாரம் எடுபிடியாக இருந்துவிட்டுப் போனால் உருப்படுவார்கள். அவள் காலையில் மெயில் பெட்டியைத் திறந்த பிறகுதான் பூமியே சுற்றத் தொடங்குகிறது என்பது என் கட்சி. ஊரறிய அவள் பார்ப்பது, ஃபிரிட்ஜுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் கொட்டேஷன் அனுப்பும் வேலை.

அந்த வேலையில் அவளுக்கு ஒரே சட்டம்: எதற்கும் இரண்டாவது பிரதி கூடாது. ஒருமுறை கணினியில் இரண்டு விலைப் பட்டியல் கிடந்து, பழையது வாடிக்கையாளருக்குப் போய், முதலாளி எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்துப் பேசிவிட்டார். அன்றிலிருந்து வீட்டிலும் அதே சட்டம். நான் தோழியின் வீட்டுப்பாடத்தை நகலெடுத்து வைத்திருந்தால் அதையும் கிழித்துப் போடுவாள்.

வீட்டுக் கணினி கிழடு. அதிலிருந்த நிரல், வந்த மெயிலையெல்லாம் ஒரே கோப்பில் இறக்கிக்கொண்டு இணையத்தில் இருப்பதை அழித்துவிடும் பழைய ரகம். எத்தனையோ வருஷத்து மெயில்கள் அதில் கிடந்தாலும், சித்திக்கு வேண்டியது கடைசியாக அக்கா எழுதியவை மட்டும். அக்கா என்றால் சித்தியின் மகள். சண்டை போட்டுக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனவள், அங்கிருந்தும் கொஞ்ச காலம் மெயிலிலேயே சண்டையைத் தொடர்ந்தாள். பிறகு அதுவும் நின்றது. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். மகள் என்று சித்தியிடம் மிச்சமிருந்தது அந்த மெயில்கள்தான்.

புதுக் கணினி வந்தது. பழைய கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றித் தந்தால்தான் ஆயிற்று என்று அது அடம்பிடித்தது. மாற்றப் போனால் கோப்பு திறக்கவே இல்லை. கணினிக் கடைக்காரர் போனில் விளக்கினார். பழைய வடிவத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டாம். கோப்பு அதைத் தாண்டி வீங்கிவிட்டதாம். மிஞ்சியதை நறுக்கினால்தான் திறக்குமாம், அதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறதாம். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் சித்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகலாவது, அவளாவது.

நறுக்கினாள். திறந்தது. புது வடிவத்துக்கு அழகாக மாறியது. பழைய கொட்டேஷன்கள், லாட்டரி விழுந்ததாக வந்த வாழ்த்துகள், எல்லாம் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தன. அக்காவின் கோப்புறை மட்டும் காலி. கடைசியில் வந்தவைதானே நறுக்குப்பட்டிருக்கும்.

சித்தி அழவில்லை. திரும்பக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டாள், கிடைக்காது என்றார். வேலைக்குப் போனாள், வந்தாள், தட்டைக் கழுவிவிட்டுக் குழாயை மூட மறந்து நின்றாள். மவுஸின் அடியில் நான் காகிதம் ஒட்டி வைத்தால் வழக்கமாகக் காதைத் திருகுவாள். அந்த வாரம் பேசாமல் பிய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஆகவே ஒரு மெயில் தயாரித்தேன். அக்காவின் பெயரில், பழைய தேதி போட்டு, அந்தக் காலிக் கோப்புறைக்குள். சாப்பிட்டியா அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள், கோபமெல்லாம் போய்விட்டது என்று நாலு வரி. தோண்டித் துருவியதில் ஒன்று தப்பியிருக்கிறது என்று வாயெல்லாம் பல்லாகப் போய்ச் சொன்னேன்.

சித்தி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இத எழுதினது நீதானடி?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அவ ஒரு நாளும் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல, வாலு. நான் அவள ஓயாம கேட்டதுலதான் சண்டையே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏற்கெனவே என் ஞாபகத்துல அவ வர வர நல்லவளா ஆயிட்டே வரா. நீயும் சேர்ந்துக்கிட்டா, நெஜமா இருந்தவ எங்கடி போவா?"

என் மெயிலை அழிக்கச் சொன்னாள். அழித்தேன். நாற்காலியைக் காட்டினாள். அக்கா கடைசியாக எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். முழுக்கத் திட்டுதான். இனி உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்ற இடத்தில், 'இனி'யை விட்டுவிட்டு 'இப்போதைக்கு' என்று தட்டினேன்.

சித்தி கண்ணைத் திறக்கவில்லை. காது மட்டும் விசைகளின் சத்தத்தில் இருந்தது.

"அங்க அவ்வளவு எழுத்து கிடையாதுடி," என்றாள். "அழி."