கயிற்றுக்குள் ஒரு திருக்குழாம்

கல்லிலும் கலத்திலும் ஒரே கனலாய் எழுந்து, பொங்கும் அன்னமாய் அமர்ந்தருளும் அன்னையே, எழுதப் புகும் இக்கையில் பொய் ஒட்டாமல் காத்தருள்க.

மாசித் திங்கள், பூர நாளும் நிறைமதியும் கூடிய நன்னாள். திருவனந்தபுரத்துத் தெருக்களில் பெண்கள் செங்கல் அடுப்புக் கூட்டி ஆற்றுகால் அம்மைக்குப் பொங்கல் வைக்கும், மலையாள வழக்கில் ‘பொங்கலை’யிடும் அந்நாளில், இவ்வாண்டு நான் தலைகுனிந்தேன். அதை எழுதாமல் மறு வெள்ளிக்கிழமை பாசுரம் சொல்ல என் வாய் திறக்கவில்லை.

வலியசாலை அக்கிரகாரத்தில் வெள்ளிதோறும் கூடி ஓதும் பெண்கள் நாங்கள். எங்களுக்கென்று பெயர் கிடையாது. ‘வெள்ளிக்கிழமை மாமிகள்’ என்றால் தெருவில் தெரியும். இம்முறை பொங்கலைக்கு எல்லாரும் ஒரே வரிசையில் அடுப்பு வைத்து, மேலே பெயர் எழுதிய பேனர் கட்டுவதென்று தீர்மானமாயிற்று. பழம்பாடல்களில் பழக்கமுள்ளவள் என்று, பெயர் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். விட்டுவிட்டுத் தாங்களே பேசினார்கள்.

“சங்கம்னு வெச்சுடலாமே,” என்றாள் என் எதிர்வீட்டுக்காரி.

“சங்கம்னா கொடியும் பிடிச்சுண்டு ரோட்டுல ஒக்காரணும். ஒன் முட்டிக்கு அது ஆகுமாடீ?” என்றார் எங்கள் செயலாளர். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர்; அந்த மிடுக்கு இன்னும் ஓய்வுபெறவில்லை.

“குழு?”

“லோன் எடுக்கற குழுன்னு நெனச்சுப்பா.”

“அப்போ கோஷ்டி.”

“அது எலக்‌ஷன் வந்தா ரெண்டாப் பொளந்துக்கற கட்சிக்காராளுக்காக்கும்.”

செயலாளரின் மருமகள், “கூட்டாய்மன்னு போடலாமே அம்மா, இப்போ எல்லாரும் அதானே போடறா,” என்று மெல்லச் சொன்னாள்.

“மலையாளம் போறும். பேனர் தமிழ்ல இருக்கட்டும். மாமி, நீங்கோ சொல்லுங்கோ.”

நான் ‘திருக்குழாம்’ என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் எதற்காகச் சேர்கிறார்களோ அதற்கேற்பத்தான் சேர்க்கைக்குப் பெயர் அமைகிறது என்று விரித்தேன். வாணிகத்துக்குச் சேர்ந்தால் ஒன்று, வழக்காடச் சேர்ந்தால் ஒன்று. இறைவனைத் தவிர வேறெதையும் கருதாமல் சேர்வதற்குத்தான் திருக்குழாம் என்று பெயர். அங்கே வருபவரின் ஊரும் குலமும் யாரும் கேட்பதில்லை. வீடுபேறு வேண்டாம், அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரம் போதும் என்றுதான் அடியார்கள் உருகினார்கள் என்றேன். சொல்லும்போது என் குரலே தழுதழுத்தது. எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

பொங்கலைக்கு முதல்நாளே சாலையோரத்தில் செங்கல் வைத்து இடம் பிடிப்பது இங்கே வழக்கம். நாங்கள் செங்கலோடு நிற்கவில்லை. சுற்றிலும் பிளாஸ்டிக் கயிறு கட்டினோம். யாருடைய புடவையும் யார்மீதும் படாமல் இருக்க அடுப்புக்கு அடுப்பு தாராளமாக இடம் விட்டோம். ஆக, கயிற்றுக்குள் இன்னும் சில அடுப்புகளுக்கு இடம் இருந்தது.

காலையில் ஒரு பெண்மணி வந்து கயிற்றருகே நின்றார். என்னைவிடச் சற்று இளையவர். கையில் துண்டில் பொதிந்த புது மண்பானை, உரச்சாக்கில் செங்கல். தலை உயர்த்திப் பேனரில் ‘திருக்குழாம்’ என்றிருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“அம்மா, நான் போனக்காடு எஸ்டேட்டுல இருந்து வாறேன். மகளுக்கு ஆப்பரேஷன் ஆச்சு. பொழச்சு வந்தா அம்மைக்குப் பொங்கலையிடுதேன்னு நேந்திருந்தேன். நேத்தே பஸ்ஸேறி கெழக்கேகோட்டையில எறங்கிட்டேன், எங்கெயும் எடமில்ல. இங்க தமிழ்ல எழுதியிருந்திச்சு, அதான் கேக்கேன். ஒரேயொரு அடுப்பு. ஒதுங்கி வச்சுக்கிடுதேன்.”

“இங்கே எல்லாத்துக்கும் ஆள் இருக்கா. இப்போ வந்துடுவா,” என்றார் செயலாளர்.

வர யாருமில்லை. எங்கள் அனைவருக்கும் அது தெரியும். அந்தப் பெண்மணி காலியிடத்தைப் பார்த்தார். பிறகு வரிசையில் மூத்தவளான என்னைப் பார்த்தார். “அப்படியாம்மா?” என்று கேட்டார்.

“ஆமாம்,” என்றேன்.

“செரி, சாரமில்ல, பரவாயில்லம்மா,” என்று சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கோபம் இல்லை. இடமில்லை என்று கேட்டுப் பழகிய முகம். எங்கள் கயிறு முடிந்த இடத்துக்கு அப்பால், சாக்கடை ஓடையை மூடிய பலகைக்கல் மேல், குப்பையைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுப்புக் கூட்டினார். நான் ஓதத் தொடங்கினேன். சொற்கள் தடையின்றி வந்தன. அதை நினைத்தால்தான் இன்று உடல் கூசுகிறது.

பொங்கலை அடுப்பைத் தீப்பெட்டி உரசிப் பற்றவைப்பதில்லை. கோயில் அடுப்பில் ஏற்றிய நெருப்பை அடுத்தவள் வாங்கி, அவளிடமிருந்து அடுத்தவள் வாங்கி, தெருத்தெருவாக அது கைமாறி வரும். செண்டை ஒலித்தது; பெண்கள் நாவசைத்து இடும் குரவையொலி எழுந்தது; புகை எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. அது வந்த திசையில் எங்களுக்கு முந்தைய அடுப்பு அவருடையது.

இது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“நம்ம கிட்டயே தீப்பெட்டி இருக்கே,” என்று செயலாளர் தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

“பின்னே எதுக்கும்மா பொங்கலைன்னு வந்தோம்?” என்றாள் மருமகள்.

நான் போய்க் கேட்பதென்று எழுந்தேன். அதற்குள் அவர் எரியும் ஓலையைக் கையில் பிடித்தபடி வந்துவிட்டார். ஆனால் கயிற்றருகே நின்றுவிட்டார்.

“அம்மா, தீ வந்திட்டு. உள்ள வரலாமா?”

ஓலை கைப்பக்கம் எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், இறுகிப்போயிருந்தது. கயிற்றை உயர்த்திப் பிடித்தேன். அவர் குனிந்து நுழைந்தார். எங்கள் ஒவ்வோர் அடுப்பிலும் தீ வைத்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து “அம்மே நாராயணா” என்றார். செயலாளர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“இங்கேயே வந்துடுங்கோ. எடம் இருக்கு. அப்போவே இருந்தது,” என்றேன்.

“பத்தவச்ச அடுப்பெ மாத்தக்கூடாதும்மா,” என்றார். மறுப்பில் குத்தல் இல்லை. “பானை பொங்கட்டும். எங்கெ இருந்தா என்ன?”

அவருடைய பானை எங்கள் எவருடையதற்கும் முன்னே பொங்கியது. புகைக்கும் ஓடைக்கும் நடுவே நின்று அவர் குரவையிட்டார். நாங்கள் பலராய் இருந்தோம். அவருக்காக உடன் குரவையிட எங்களுள் முதலில் எழுந்தது செயலாளருடைய மருமகளின் குரல். அதன் பின்னரே மற்றவர்கள். எல்லாருக்கும் கடைசியில் நான்.

தீர்த்தம் தெளித்தபின் எங்கள் பிரசாதத்தை ஓர் இலையில் எடுத்துச் சென்று அவரிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கச் சொல் தேடினேன். இத்தனை பாடல்களைச் சுமந்த நெஞ்சில் ஒன்றும் அகப்படவில்லை. அவர் தம் பானையிலிருந்து ஒரு கரண்டி அள்ளி என் கையில் வைத்து, “மகளுக்காக வேண்டிக்கிடுங்கம்மா, நீங்க படிச்சவங்க,” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார்.

வேண்டிக்கொள்கிறேன், நாள்தோறும். அந்த மகள் நீடு வாழ்க. இதைப் படிப்போரின் இல்லங்களில் கலம் நிறைந்து பொங்குக. இடம் கேட்டு வருபவரிடம் ‘வாருங்கள்’ என்று உடனே சொல்லும் நாவை அன்னை உங்கள் அனைவருக்கும் அருள்க.