முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கம்பளி

ஓக்லாவிலிருந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பெட்ரோல் இருந்தது. ஓட்டத்தான் தலை இடம் கொடுக்கவில்லை. ஆக்ரா சாலையில் கொஞ்சம் வேகமெடுத்தாலே ஹெல்மெட்டை யாரோ இரண்டு பக்கமும் மாறி மாறி அறைவதுபோல் இருந்தது. முன்னால் போன லாரியின் நம்பர் இரண்டாகத் தெரிந்தது. மெதுவாக வந்ததில் பார்சல் தாமதம். பார்சல் கம்பெனிக்காரர் திட்டவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

கிட்வாய் நகரில் அக்கா வீடு. அத்தான் மத்திய அரசில் குமாஸ்தா. நான் பத்தாம் வகுப்பு முடிக்காமல் ஊர் ஊராகச் சுற்றி, அந்தக் குளிர்காலத்துக்கு அங்கே ஒதுங்கியிருந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே என் முகத்தைப் பார்த்து அத்தான் சொன்னார்:

"வேலை போச்சா? அச்சா. நம்ம ஆபீஸ் கேட்டுக்கு ஆள் கேக்கான். காலைல ஒம்பதுக்கு நாற்காலியில உக்காந்தா போதும் மாப்ள. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதுதான் எனக்குப் பயம். ஓர் ஓட்டல் கல்லாவிலும் ஒரு லிப்டுக்குள்ளும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஒரு மாதம் தாங்கவில்லை. கஷ்மீரி கேட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரி ஒருவர் கர்னாலுக்குச் சரக்கு கொண்டுபோக ஆள் தேடிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் தலை ஆடாமல் நின்றால் அங்கே போகலாம். நிற்காவிட்டால் நாற்காலி.

"கண்ணுல கோளாறுலே. டாக்டர்ட்ட காட்டு," என்றாள் அக்கா.

கண் அல்ல என்று தோன்றியது. ஆக்ரா சாலையில் ஒருமுறை கால் மரத்துப்போய், ஓட்டிக்கொண்டே எழுந்து நின்றேன். அப்போது தலை ஆடவில்லை. உட்கார்ந்ததும் மறுபடி அறை. வண்டியின் முன்கண்ணாடி மேல்விளிம்பைத் தாண்டி வரும் காற்றுதான் சுழன்று அடிக்கிறது. அது அடிக்கும்போது முதுகையும் யாரோ முன்னால் தள்ளுவதுபோல் இருக்கும். அதுதான் புரியவில்லை.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, அக்காவின் ஸ்வெட்டர் நூலில் துண்டுகள் வெட்டி ஹேண்டில்பாரில் கட்டினேன். அத்தான் குரங்குக் குல்லாவின் மேல் ஹெல்மெட்டை அழுத்தி மாட்டிக்கொண்டு, நூலைக் கவனிக்கப் பின்னால் ஏறினார். ரிங் ரோடு மேம்பாலத்தில் வேகம் கூட்டினேன். தலை ஆடத் தொடங்கியது.

"மாப்ள, நூலு நம்ம பக்கம் வரல!" என்று காதருகே கத்தினார். "கண்ணாடியப் பாத்துல்லா போகுது!"

பாலம் இறங்கி ஓரங்கட்டினேன். காற்று பின்னாலிருந்து முன்னால் போகிறதென்றால் கண்ணாடிக்கு உள்ளே வெற்றிடம்போல் ஏதோ இழுக்கிறது. குனிந்து பார்த்தேன். கண்ணாடியின் கீழ்விளிம்புக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே, காற்று உள்ளே நுழைய இருக்க வேண்டிய இடைவெளியில் பழைய கம்பளித் துண்டு. குளிர் தொடங்கியதும் நெஞ்சில் காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று அக்கா அடைத்து, கோணி ஊசியால் நெருக்கித் தைத்தது. தலை ஆடத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

சாவியால் தையலைக் கிழித்தேன்.

"அவகிட்ட நான் எதுவும் பாக்கலன்னு சொல்லிருவேன்," என்றார் அத்தான்.

திரும்பி வரும்போது நூல்கள் என் பக்கம் படுத்தன. ஹெல்மெட்டில் ஒரே சீரான இரைச்சல், அறை இல்லை. நெஞ்சில்தான் ஐஸ் வைத்ததுபோல் இருந்தது. கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். அத்தான் நாற்காலியைப் பற்றி அதற்குப்பின் பேசவில்லை.

அக்கா கம்பளியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தலை நின்னுட்டு. நெஞ்சு தாங்குமாலே?"

"தாங்கும்க்கா."

"தாங்கும், தாங்கும். இருமிக்கிட்டு இங்கதான வருவ."

காலையில் நான் கிளம்பும்போது அன்றைய பேப்பரை நாலாக மடித்து என் சட்டைக்குள் செருகினாள்.

"நான் இன்னும் படிக்கலட்டி," என்றார் அத்தான்.

"அவன் திரும்பி வந்ததும் படிங்க."

கஷ்மீரி கேட் வியாபாரி வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டிகளைக் கட்டச் சொன்னார். வழியில் முர்தல் ஊரைத் தாண்டும்போது நெஞ்சு விறைத்து, பேப்பர் சரசரத்தது. லாரி நம்பர்கள் ஒற்றையாகத் தெரிந்தன. கர்னாலில் கிளட்ச் பிளேட்டுகளை இறக்கிவிட்டு, இன்னும் தள்ளி அம்பாலாவுக்கு ஏதாவது சரக்கு இருக்கிறதா என்று கேட்டேன்.